நான்காவது முறையில் அடங்கிய பிரேக் கீச்சொலி

எங்கள் தெருக்கோடியில் ஒரு பள்ளிக்கூடத்துக் காம்பவுண்டுச் சுவர் ஓடுகிறது. நூறு மீட்டர் நீளம் இருக்கும். கண்ணாடியை இறக்கிவிட்டு, அந்தச் சுவரை ஒட்டி மெதுவாக ஓட்டி பிரேக்கை லேசாக மிதித்தால், சக்கரத்தில் எழும் எந்தச் சத்தமும் சுவரில் பட்டுக் காதுக்குத் திரும்பி வரும். போகும்போது இடது சக்கரம், திரும்பும்போது வலது சக்கரம். போன சித்திரையிலிருந்து ஐப்பசி வரை அந்தச் சுவரை ஒட்டி எத்தனை தடவை போய்வந்தேன் என்பதற்குக் கணக்கில்லை. ஐப்பசிக்குப் பிறகு சுவர் எதையும் திருப்பிச் சொல்லவில்லை. மழைக்காலமும் கழிந்து, வண்டி 4,000 கி.மீ. ஓடிவிட்டது. அதனால் இப்போது துணிந்து எழுதுகிறேன்.

வண்டி 2013 மாடல், சிறிய பெட்ரோல் கார். முன்னால் டிஸ்க் பிரேக் (டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டு), பின்னால் டிரம் பிரேக். வீடு தூத்துக்குடியில், கடலிலிருந்து இரண்டு கி.மீ.கூட இல்லை. வாரத்தில் நாலு நாள் முள்ளக்காடு, பழையகாயல் வழியாகத் திருச்செந்தூர் சாலையில் ஓட்டம். சாலைக்கு இரு பக்கமும் உப்பளம். இந்த விவரம் முதலிலிருந்தே என் கண் முன்னால்தான் இருந்தது. கடைசி வரை அதைக் கணக்கில் எடுக்காமல் விட்டேன்.

78,400 கி.மீ. ஆனபோது ஒரு பட்டறையில் முன்பேட், அதாவது டிஸ்க்கை இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் உரசு கட்டைகளை, மாற்றினேன். பேட் மட்டும் 1,400 ரூபாய். மூன்று வாரம் சத்தமில்லை. பிறகு வேகம் 20 கி.மீ.க்குக் கீழே வந்ததும், பெடலை லேசாக வைத்தால் கீச்சென்று ஒரே இழுப்பு. அழுத்தி மிதித்தால் நின்றுவிடும். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பேட் மாற்றியவரிடம் போனேன். “புது பேடு அண்ணாச்சி, கொஞ்ச நாள் கத்தத்தான் செய்யும். தேஞ்சா சரியாயிரும்” என்றார். நம்பி ஆயிரம் கி.மீ. ஓட்டினேன். சத்தம் கூடியதே தவிரக் குறையவில்லை.

இரண்டு விதமான சத்தத்தை முதலில் ஒதுக்கிவிட வேண்டும். காலையில் வண்டியை எடுத்ததும் முதல் இரண்டு மூன்று மிதிப்பில் வரும் கரகரப்பு, இரவின் ஈரத்தில் டிஸ்க்கில் படிந்த மெல்லிய துரு. பேட் அதைத் துடைத்ததும் போய்விடும். கடலோரத்தில் இது தினமும் உண்டு, நோய் இல்லை. இன்னொன்று, பேட் தேய்ந்து ஓரிரு மி.மீ. மட்டும் மிஞ்சும்போது, அதில் பொருத்தியிருக்கும் சின்னத் தகடு டிஸ்க்கில் உரசிக் கத்துவது. அது எச்சரிக்கை. உடனே பேட் மாற்ற வேண்டும். என்னுடையது இரண்டும் இல்லை. பேட் புதிது, சத்தமோ வண்டி சூடான பிறகும் இருந்தது.

போனில் ஒலியின் அதிர்வெண்ணைக் காட்டும் இலவச ஆப் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். சுவரோரம் ஒவ்வொரு தடவையும் 2,300 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு கூர்முனை எழுந்தது. சத்தம் ஏன் வருகிறது என்பதை அந்த எண் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு முயற்சிக்குப் பிறகும் வருவது அதே சத்தமா, வேறா என்று அறிய அது போதுமானதாக இருந்தது. இடது பக்கம் பலமாகவும், வலது பக்கம் சில நேரம் மட்டும் மெலிதாகவும் கேட்டது.

முதல் முயற்சி வைகாசியில். எல்லோரும் முதலில் செய்வதைத்தான் நானும் செய்தேன்: பேடைத் தேய்ப்பது. வீட்டு வாசலில் சிமெண்டுத் தளம் இருப்பதால் ஜாக்கி வைப்பது எளிது. ஜாக்கியை மட்டும் நம்பிக் கையை உள்ளே விடக் கூடாது. ஜாக் ஸ்டாண்டை வைத்து, பின்சக்கரத்துக்கு அடியில் கல் கொடுத்த பிறகுதான் சக்கரத்தைக் கழற்றினேன். சக்கர நட்டுக்கு 19 மி.மீ. ஸ்பானர். பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் பிடியான காலிப்பரில், கீழ் பின்னின் (உருளைக் கம்பி) போல்ட்டுக்கு 14. அதைக் கழற்றிக் காலிப்பரை மேலே தூக்கினால் இரண்டு பேடும் தெரியும். வெளியே எடுக்க ஸ்க்ரூடிரைவரை நுழைத்து நெம்ப வேண்டியிருந்தது. பேடின் முகம் கண்ணாடி போல மினுங்கியது.

சமையலறை மேடைக்குப் போட்டதில் மிச்சமிருந்த கிரானைட் துண்டின் மேல் 80 நம்பர் உப்புத்தாளை விரித்து, எட்டு போடுவதுபோலப் பேடைத் தேய்த்தேன். மினுக்கம் போய்ச் சாம்பல் நிறம் சமமாக வரும்வரை, ஒரு பேடுக்கு ஐந்து நிமிடம். முகமூடி கட்டிக்கொண்டேன், தூளை ஈரத்துணியால் துடைத்தேன். பேடில் என்ன கலந்திருக்கிறது என்று அட்டைப்பெட்டியில் எழுதியிருக்கவில்லை. ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்று உறுதியாகத் தெரியாதபோது, பிரேக் தூளை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதுவது நுரையீரலுக்குக் கேடு. பட்டறைகளில் தினமும் ஊதுகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் மனசு பதறுகிறது.

திரும்ப மாட்டும்போது பேட், அதைத் தாங்கும் சட்டமான பிராக்கெட்டுக்குள் எளிதில் போகவில்லை. சுத்தியலின் மரப்பிடியால் இரண்டு தட்டுத் தட்டி உட்கார வைத்தேன். இறுக்கமாக இருந்தால் ஆடாது, ஆடாவிட்டால் சத்தம் வராது என்று அன்றைக்கு நினைத்தேன். இந்த இரண்டு தட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து நாள், 180 கி.மீ. நிசப்தம். ஆறாம் நாள் அதே 2,300.

ஆனியில் இரண்டாவது முயற்சி. இதுதான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது, அதிகம் கெடுத்ததும் இதுதான். காலிப்பர் இரண்டு பின்களின் மேல் வழுக்கி நகர்கிறது. பிஸ்டன் உள்பேடைத் தள்ள, அந்தத் தள்ளலில் காலிப்பர் முழுவதும் நகர்ந்து வெளிப்பேடை இழுத்து அழுத்துகிறது. பின் வழுக்காவிட்டால் பேட் டிஸ்க்கை விட்டு விலகாமல் உரசும். கழற்றிப் பார்த்தபோது பின்கள் இரண்டும் காய்ந்து கிடந்தன. கிரீஸ் போட வேண்டும் என்று எடுத்த முடிவு சரி. எடுத்த கிரீஸ்தான் தவறு. வீட்டில் இருந்த, பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸை, 120 ரூபாய் டப்பா, தாராளமாக அப்பிவிட்டேன். பின்னை மூடும் ரப்பர் மூடியான பூட்டின் (boot) உள்ளேயும் நிறைத்தேன்.

சத்தம் ஒரு மாதத்துக்கு மேல் வரவில்லை. வென்றுவிட்டதாக எண்ணி ஷெட்டைக்கூட ஒழுங்குபடுத்திவிட்டேன். ஆவணிக் கடைசியில் சத்தம் திரும்பியது. கூடவே வண்டி இடது பக்கம் இழுத்தது. திருச்செந்தூர் போய்வந்து இறங்கியதும் சக்கரத்தின் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் இடது பக்கம் மட்டும் அனல். “ஏங்க, ஏதோ கருகுற வாசனை வருதே” என்று மனைவி சொன்ன பிறகுதான் நின்று பார்த்தேன். அன்றைக்கு அவள் சொல்லாமல் இருந்திருந்தால் இன்னும் சில நாள் அப்படியே ஓட்டியிருப்பேன்.

கழற்றினேன். கீழ் பின்னின் முனையில் ஒரு சின்ன ரப்பர் உறை இருக்கும். அது ஊறி உப்பி, துளைக்குள் சிக்கிக்கொண்டது. பின்னைக் கையால் இழுத்தால் வரவில்லை. பைப் ஸ்பானரால் பிடித்துத் திருகித் திருகி எடுக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. பிரேக்கில் இருக்கும் ரப்பர் பெட்ரோலிய எண்ணெய்க்கு ஆகாது, அதில் ஊறிப் பருத்துவிடும். பின்களுக்கு சிலிக்கான் கிரீஸ்தான் போட வேண்டும். பேடை அளந்தேன். இரும்புத் தகட்டை விட்டு உரசும் பகுதி மட்டும், வெளிப்பேட் 8 மி.மீ., உள்பேட் 5.5 மி.மீ. ஐந்து மாதம்கூட ஆகாத பேடில் இரண்டரை மி.மீ. வித்தியாசம். உள்பேட் மட்டும் இப்படித் தேய்ந்தால் முதலில் பின்னைத்தான் சந்தேகிக்க வேண்டும். வலது பக்கம் வித்தியாசம் ஒரு மி.மீ.க்குள் இருந்தது.

பெட்ரோல் ஊற்றிக் கழுவலாம் என்றுதான் கை போனது. அதுவும் ரப்பருக்கு ஆகாது. பிரேக் கிளீனர் ஸ்ப்ரே வாங்கி, துளையைத் துணி சுற்றிய கம்பியால் துடைத்து, பூட்டும் உறையும் அடங்கிய கிட் மாற்றினேன். ஒரு பக்கத்துக்கு 240 ரூபாய். சிலிக்கான் கிரீஸ் 380 ரூபாய் ட்யூப். பின்னின் மேல் மெல்லிய பூச்சாகப் போட்டால் போதும். நிறைத்துவிட்டால் உள்ளே அடைபட்ட காற்று பின்னைத் திரும்ப வெளியே தள்ளுகிறது. பூட்டை விரலால் லேசாகப் பிதுக்கி அந்தக் காற்றை வெளியேற்றினேன். வண்டி இழுப்பது நின்றது, சூடும் நின்றது. கீச்சொலி மட்டும் நிற்கவில்லை.

புரட்டாசியில் டிஸ்க்கின் மேல் சந்தேகம் விழுந்தது. டிஸ்க்கின் நடுப்பகுதியில் குறைந்தபட்ச தடிமன் 15 மி.மீ. என்று அச்சு இருந்தது. வெர்னியரை வைத்து அளந்தேன். 16.6 காட்டியது. புதிதில் 17. இவ்வளவு ஓடியும் அரை மி.மீ.கூடத் தேயவில்லையே என்று மகிழ்ந்தேன். தவறு. டிஸ்க்கின் வெளி விளிம்பில் பேட் படாத இடம் தேயாமல் கரையாக நிற்கிறது. அதன் மேல் துரு வேறு. வெர்னியரின் தாடை அந்தக் கரையின் மேல் உட்கார்ந்திருந்தது. மறுநாள் இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை டிஸ்க்கின் இரு பக்கமும் உரசும் இடத்தில் வைத்து, அவற்றின் மேல் அளந்து, நாணயங்களின் தடிமனைக் கழித்தேன். 15.9. எட்டு இடத்தில் எடுத்தேன், எல்லாம் 15.9 அல்லது அதற்கு மயிரிழை கூடுதல். மைக்ரோமீட்டர் இருந்தால் இந்த வேலையே வேண்டாம்.

லேத் பட்டறையில் இரண்டு டிஸ்க்கையும் கொடுத்து, சமப்படுத்த 700 ரூபாய். பெரியவர் ஒருவர் லேத்தில் நின்றார். “தம்பி, ரொம்ப எடுக்கச் சொல்லாதீரும். மேல் பொலிவை மட்டும் எடுத்துத் தாரேன்” என்று சொல்லி ஒரு பக்கத்துக்குக் கால் மி.மீ. கூட எடுக்காமல் நிறுத்தினார். கடைசியில் 15.5. குறைந்தபட்சத்துக்கு மேலே அரை மி.மீ.தான் மிச்சம். இந்த வெட்டு வேண்டியதே இல்லை என்பது பிறகு தெரிந்தது. டிஸ்க்கில் ஆழமான கோடோ அலையோ இல்லை. சும்மா இருந்த இரும்பைச் செலவழித்துவிட்டேன்.

இதில் ஒரு நல்லதும் நடந்தது. டிஸ்க்கைக் கழற்றியபோது அது உட்காரும் ஹப்பின் முகத்தில் துரு செதில் செதிலாக இருப்பதைப் பார்த்தேன். அதன் மேல் டிஸ்க்கை மாட்டினால் நேராக நிற்காது. காந்தத் தாங்கியோடு டயல் கேஜ் வாங்கினேன், 1,650 ரூபாய். சக்கர நட்டுகளை டிஸ்க்கோடு இறுக்கி, முள்ளை வெளி விளிம்புக்கு ஒரு செ.மீ. உள்ளே வைத்து, டிஸ்க்கைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினால் ஆட்டம் தெரியும். துருவோடு 0.12 மி.மீ. ஆடியது. கம்பி பிரஷ்ஷால் ஹப்பைப் பளிச்சென்று தேய்த்த பிறகு 0.05. என் வண்டிக்கு 0.10 வரை போகலாம். பெடலில் ஒரு மெல்லிய துடிப்பு இருந்ததை வருஷக்கணக்காக இந்த வண்டியின் குணம் என்று எடுத்துக்கொண்டிருந்தேன். அது போய்விட்டது.

லேத்திலிருந்து வரும் டிஸ்க்கில் கிராமபோன் தட்டு போல நுண்ணிய சுருள் கோடு இருக்கும். அந்தக் கோடு பேடை ஒரு பக்கமாக இழுக்கும். 120 நம்பர் உப்புத்தாளை ஒரு மரக்கட்டையில் சுற்றி, குறுக்கும் நெடுக்குமாக இரு முகத்திலும் தேய்த்துக் கோட்டை உடைத்தேன். பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவி, துடைத்து, பிரேக் கிளீனர் அடித்தேன். துணியில் கறுப்பு வருவது நிற்கும்வரை.

சுவரோரம் போனேன். 2,300.

அந்த வாரம் வேண்டாத ஆலோசனைகள் நிறைய வந்தன. ஒருவர் டிஸ்க்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் சத்தம் போய்விடும் என்றார். சத்தம் போகும், பிரேக்கும் போகும். உரசும் முகத்தில் எண்ணெய், கிரீஸ், துரு இளக்கும் ஸ்ப்ரே எதுவும் படக் கூடாது. பட்டுவிட்டால் பேட் அதை உறிஞ்சிக்கொள்ளும், பிறகு பேடைத் தூக்கிப் போடத்தான் வேண்டும். இதைச் சிரித்துக்கொண்டே சொல்பவர்களிடம்கூட நான் கோபமாகத்தான் பேசுகிறேன். என் மகளும் இந்த வண்டியில்தான் பள்ளிக்குப் போகிறாள்.

ஐப்பசி முதல் ஞாயிறு. மழை தொடங்கும் முன் முடித்துவிட வேண்டும் என்று காலை ஏழு மணிக்கே உட்கார்ந்தேன். பேடைக் கழற்ற வழக்கம்போல ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். எடுத்த கை நின்றது. இத்தனை தடவையும் ஏன் நெம்ப வேண்டியிருக்கிறது? பெடலை விட்டதும் பேட் தானாக விலக வேண்டும். சுத்தியலால் அடித்து உட்கார வைத்த பேட் எப்படி விலகும்?

பேடின் இரு முனையிலும் துருத்திக்கொண்டிருக்கும் பகுதியைப் பட்டறையில் காது என்கிறார்கள். அந்தக் காது பிராக்கெட்டில் இருக்கும் பள்ளத்துக்குள் வழுக்கி நகர வேண்டும். பள்ளத்துக்கும் காதுக்கும் இடையே மெல்லிய எவர்சில்வர் கிளிப் இருக்கும். கிளிப்பை மெல்லப் பெயர்த்தேன். அடியில் பழுப்பு நிறப் பாறை. வார்ப்பிரும்பு துருப்பிடித்தால் பருமன் கூடும். கிளிப் துருப்பிடிக்காமல் பளபளப்பாக இருந்ததால் மேலிருந்து பார்த்தபோது எல்லாம் சுத்தமாகவே தெரிந்திருக்கிறது. அடியில் வளர்ந்த துரு கிளிப்பை உள்நோக்கித் தள்ளி, பேடின் காதை இறுக்கிப் பிடித்திருந்தது. பத்து வருஷத்து உப்புக்காற்று அங்கே குடியிருந்தது. பழைய பேட் காது தேய்ந்து மெலிந்துபோனதால் அதில் நழுவி நழுவி ஓடியிருக்கிறது. புதுப் பேடின் முழு அளவுக் காது நுழைந்ததும் இடமில்லை.

பிராக்கெட்டைப் பிடிக்கும் இரண்டு 17 மி.மீ. போல்ட்டைக் கழற்றி, முழுதாக வெளியே எடுத்து வைஸில் கட்டினேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். வண்டியிலேயே வைத்துக்கொண்டு அந்தப் பள்ளத்தைச் சுத்தம் செய்யக் கை போகாது. காலிப்பரை பிரேக் ஹோஸில் தொங்கவிடாமல் சுருள் கம்பியில் கொக்கி போட்டுக் கட்டினேன். பள்ளத்திலிருந்து பள்ளத்துக்கு இடைவெளியை அளந்து எழுதினேன். பிறகு கம்பி பிரஷ், அது போதாமல் தட்டை அரம். துரு உதிரும்வரைதான் அரம் பேச வேண்டும், வெள்ளை இரும்பு தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். இரும்பைத் தின்றுவிட்டால் பேட் தளர்ந்து, பிரேக் பிடிக்கும்போதெல்லாம் டக்கென்று அடிக்கும். ஒரு பக்கத்துக்கு ஒன்றே கால் மணி நேரம் ஆயிற்று. திரும்ப அளந்தேன். இடைவெளி 0.7 மி.மீ. கூடியிருந்தது. அவ்வளவு துரு.

இந்த இடத்தில் அவசரப்படாமல் ஒன்று செய்தேன். பேட், கிளிப், பேடின் முதுகில் வரும் ஷிம் தகடு எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாமல் போய்விடும். அதனால் இடது பக்கம் மட்டும், பழைய கிளிப், தேய்ந்த அதே பழைய பேட், துருவை மட்டும் எடுத்து மாட்டினேன். இந்தத் தடவை பேட் இரண்டு விரலால் தள்ளியதும் போய் உட்கார்ந்தது. வலது பக்கத்தைத் தொடவில்லை. சுவரோரம் ஓட்டினேன். போகும்போது, இடது பக்கம், ஒன்றுமில்லை. திரும்பும்போது வலது பக்கம் மெலிதாகக் கீச்சென்றது. வண்டியை ஓரம்கட்டி நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

மறு ஞாயிறு இரண்டு பக்கமும் முறையாக முடித்தேன். இடது பேட் ஏறுமாறாகத் தேய்ந்துவிட்டதால் புதிய செட் வாங்கினேன், 1,900 ரூபாய். பேடை எப்போதும் இரண்டு பக்கமும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும், ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி இழுக்கும். விலை 500 ரூபாய் கூடுதல், காரணம் முதுகில் ஷிம் ஒட்டியே வந்தது. ஷிம் என்பது ரப்பர் பூசிய மெல்லிய தகடு. பிஸ்டனுக்கும் பேடுக்கும் நடுவே மெத்தை போல இருந்து அதிர்வை வாங்கிக்கொள்ளும். சித்திரையில் மாற்றிய பேடில் ஷிம்மே இல்லை. பழைய பேடில் இருந்தது பட்டறைக் குப்பையில் போயிருக்க வேண்டும். கழற்றும் பேடிலிருந்து ஷிம்மை எடுத்துச் சுத்தம் செய்து வைத்துக்கொள்ளச் சொல்லி இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன்.

புதிய பேடின் இரு முனைகளும் செங்குத்தாக வெட்டியிருந்தன. உரசும் முகத்தின் முன் பின் விளிம்புகளை 45 டிகிரி சாய்வில், 3 மி.மீ. அளவுக்கு அரத்தால் சீவினேன். கூர்மையான விளிம்பு டிஸ்க்கைக் கொத்துவதை இது குறைக்கும். நான்கு பேடுக்கும் சேர்த்து அரை மணி நேரம். சாய்வோடே வரும் பேட்களும் உண்டு, கடையில் பெட்டியைத் திறந்து பார்த்து வாங்கலாம். புதிய கிளிப் செட் 450 ரூபாய். காதிலும், பிஸ்டனும் காலிப்பரின் விரல்களும் ஷிம்மைத் தொடும் இடத்திலும் வெப்பம் தாங்கும் பிரேக் பசையை, துடைத்தெடுத்தது போல மெல்லிசாக. 150 ரூபாய்ப் பொட்டலத்தில் பாதி மிச்சம். உரசும் முகத்துக்கு அரை செ.மீ. பக்கத்தில்கூட அதைக் கொண்டுபோகவில்லை.

புதுப் பேட் தடிமனாக இருப்பதால் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். பழைய பேடைப் பிஸ்டன் மேல் வைத்து, சி கிளாம்ப்பால் மெல்ல. தள்ளும்போது பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் ஏறும். ஆவணியில் இதைக் கவனிக்காமல் வழியவிட்டு, பானெட்டுக்குள் ஓரிடத்தில் பெயிண்ட் கிளம்பிவிட்டது. இந்தத் தடவை முன்கூட்டியே ஊசி போடும் சிரிஞ்சால் 30 மி.லி. எடுத்துவிட்டேன். எடுத்ததைத் திரும்ப ஊற்றவில்லை. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் சரக்கு.

இறுக்கும் அளவுக்கு 2,500 ரூபாய் கொடுத்து டார்க் ரெஞ்ச் வாங்கினேன். என் வண்டிக்கு காலிப்பர் பின்னின் போல்ட் 27 நியூட்டன் மீட்டர், பிராக்கெட் போல்ட் 85, சக்கர நட்டு 85. உங்கள் வண்டிக்கு வேறாக இருக்கும், அதன் மேனுவலைப் பாருங்கள். சக்கர நட்டைக் குறுக்குக் குறுக்காக இறுக்க வேண்டும். வட்டமாகப் போனாலோ ஏறி மிதித்தாலோ டிஸ்க் கோணும், டயல் கேஜில் பார்த்துப் பார்த்து எடுத்த 0.05 வீணாகிவிடும். வண்டியை இறக்கியதும் நகர்த்தும் முன் பெடலை ஏழெட்டுத் தடவை மிதித்துப் பேடை டிஸ்க்கோடு சேர்த்தேன். இதை மறந்தால் முதல் மிதிப்பில் பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது.

பேடையும் டிஸ்க்கையும் பழக்குவது கடைசி வேலை. விடிகாலை ஐந்தரைக்குத் திருநெல்வேலி நான்குவழிச் சாலையில், வாகைக்குளம் விமான நிலையம் தாண்டிப் பின்னால் வண்டி வராத இடமாகப் பார்த்து, 60 கி.மீ. வேகத்திலிருந்து 15க்கு நிதானமாக, ஆனால் திடமாக இறக்கினேன். முழுவதும் நிறுத்தவில்லை. அரை நிமிடம் ஓடவிட்டு மறுபடியும். பத்துத் தடவை. எட்டாவதில் லேசாகப் பேட் வாசனை வந்தது. பிறகு பத்து நிமிடம் பிரேக் தொடாமல் ஓட்டி ஆறவிட்டேன். சூட்டோடு நிறுத்தி பெடலை மிதித்தபடி நின்றால், பேட் படிந்த இடம் டிஸ்க்கில் திட்டாகிவிடும்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். குணமாக்கிய சரக்கு: பேட் 1,900, கிளிப் 450, பூட் கிட் இரண்டு பக்கம் 480, சிலிக்கான் கிரீஸ் 380, பிரேக் கிளீனர் இரண்டு டப்பா 660, பசை 150, உப்புத்தாள் 60. மொத்தம் 4,080 ரூபாய். கருவிகள்: டயல் கேஜும் டார்க் ரெஞ்ச்சும் 4,150. அவை கூடவே இருக்கும். வீணானது: முதல் பேட் 1,400, சாதாரண கிரீஸ் 120, லேத் 700, ஆக 2,220. முதல் நாளே கிளிப்பைப் பெயர்த்துப் பார்த்திருந்தால் கம்பி பிரஷ்ஷும் அரமும் ஒரு காலைப்பொழுதும் போதும்.

அடுத்த முறை வரிசையை மாற்றுவேன். சத்தம் கேட்டதும் பேடின் முகத்தைப் பார்க்க மாட்டேன். முதலில் பேட் விரலால் நகர்கிறதா, அடுத்து பின் வழுக்குகிறதா, பிறகு ஷிம்மும் கிளிப்பும் இருக்கின்றனவா, அதற்கும் பிறகு ஹப்பின் துரு. டிஸ்க்கை லேத்துக்குக் கொண்டுபோவது எல்லாவற்றுக்கும் கடைசி. பட்டறையில் பேட் மாற்றக் கொடுத்தாலும் பக்கத்தில் நின்று, பிராக்கெட்டைத் தேய்த்துத் தரச் சொல்லுவேன். கூலியாக இருநூறு கூடக் கேட்டாலும் கொடுக்கலாம்.

போன வாரம், 4,000 கி.மீ. ஆனதும், இடது சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். உள்பேட் 9.1, வெளிப்பேட் 9.2. காலிப்பர் பின், கையால் தள்ளினால் போய் வருகிறது. கிளிப்பின் ஓரத்தில் மிளகு அளவில் இரண்டு பழுப்புப் புள்ளிகள் தெரிந்தன. ஒரு மழைக்காலத்துக்குள் துரு மறுபடியும் வேலையைத் தொடங்கிவிட்டது. பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்துவிட்டு, பானெட்டின் உள்பக்கம் தேதியும் கி.மீ.யும் பெயிண்ட் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன். வலது பக்கத்தை வருகிற ஞாயிறு திறக்கிறேன்.